எக்ஸ்ரே அக்காவும் மூன்று ஆம்பிளைகளும்

விமான நிலையத்து ஸ்கேனரைக்கூட ஏமாற்றிவிடலாம். எங்கள் எக்ஸ்ரே அக்காவை ஏமாற்றக்கூடிய பெண் நாகர்கோவிலில் இன்னும் பிறக்கவில்லை. நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு அவர்தான் வார்டன். பதினொரு பேர் இருந்தோம். பதினொரு பேர்மேலும் சந்தேகம்.

ஒருநாள் தோவாளையில் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்து வந்தேன். வாசலிலேயே மறித்தார்.

"ஆரு வாங்கித் தந்தா?"

"நான்தான் அக்கா வாங்கினேன்."

"தனக்குன்னு வாங்குதவ ஒரு முழத்துக்கு மேல வாங்க மாட்டா. உள்ளதச் சொல்லுட்டி."

வம்பே வேண்டாமென்று மறுநாள் பூவில்லாமல் கிளம்பினேன். "பூ வைக்கப்பிடாதுன்னு எவன் சொன்னான்?" என்றார். ஜீன்ஸ் போட்டால் ஒன்றும் கேட்க மாட்டார். சேலை கட்டினால்தான் விசாரணை. "ஜீன்ஸ் போட்டவ வேலைக்குப் போறா. சேலை கெட்டினவ எங்க போறான்னு பாக்கணும்லா!" எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஆடிச் செவ்வாய் வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு ஔவை நோன்பு. பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லித் தின்று முடிப்போம். கைக்குழந்தையானாலும் ஆண் கண்ணில் படக்கூடாது. (என்ன கதை என்று இதைப் படிக்கும் ஆண்கள் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.) வீடுகளில் ஆம்பிளைகள் உறங்கும்வரை காத்துக் கிடக்கணும். விடுதியில் அந்தத் தொல்லை இல்லாததால் அக்கா சாயங்காலம் ஏழு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்தார்.

அதே ஏழு மணிக்குத்தான் எனக்குப் பெங்களூர் கம்பெனியின் நேர்காணல், லேப்டாப்பில். அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்: "ஆடி முடியதுக்குள்ள நல்ல வேலை கிடைச்சா போ. இல்லன்னா ஆவணியில கல்யாணம்." எனக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புதான். அக்காவிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே நைட்டி. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கழற்றியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

திரையில் மூன்று பேர். முதல் கேள்விக்குப் பாதி பதில்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், கதவு படாரென்று திறந்தது. கை நிறைய அரிசி மாவோடு அக்கா.

"ஏட்டி! நோம்பு நாளும் அதுவுமா ஆம்பிளச் சத்தம் கேக்கு! எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகுதான் லேப்டாப் கண்ணில் பட்டது. ஒன்றல்ல, மூன்று ஆம்பிளைகள்! திறந்த கதவு வழியே அடுப்பும் கொழுக்கட்டையும் அவர்களுக்குத் தெரியும். என் துண்டை உருவி லேப்டாப்மேல் ஒரே வீச்சு.

"உங்க வீடியோ போயிடுச்சு," என்றது துண்டு.

துண்டுக்குள் கைவிட்டு மைக்கை அணைத்தேன். அழுதே விட்டேன். "அக்கா, இந்த வேலை போச்சுன்னா அப்பா என்னைக் கெட்டிக் குடுத்திருவாரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார். அப்புறம் வெளியே திரும்பி ஒரு சத்தம் போட்டார்: "அடுப்ப அணைங்கட்டி! ஔவையம்மை அரை மணிக்கூர் பொறுப்பா. கம்பெனிக்காரன் பொறுக்க மாட்டான்."

பத்துப் பெண்கள் மாவுக் கையோடு வாய்பொத்தி நின்றார்கள். அக்கா கதவைச் சாத்தி, துண்டை எடுத்துவிட்டு, கேமராவில் படாத மூலையில் காவல் நின்றார். நானும் மைக்கைத் திரும்பப் போட்டு, ஒருவழியாகப் பதில் சொல்லி முடித்தேன். "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள். இல்லை என்று சொல்வதற்குள் மூலையிலிருந்து குரல் வந்துவிட்டது.

"நான் கேக்கணும்! ராத்திரி வேலைன்னா பிள்ளையள வாசல்வரை வண்டியில கொண்டு விடுவியளா? டிரைவர் ஆரு? குடிப்பானா?"

நடுவில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "கண்டிப்பா விடுவோம் மேடம்," என்றார்.

"எல்லாவனும் அப்பிடித்தான் சொல்லுவான்," என்றார் அக்கா.

வேலை கிடைத்தது. கம்பெனிக்கே போன் போட்டு, "இந்தக் கடுதாசி நீங்க அனுப்பினதுதானா?" என்று உறுதி செய்த பிறகுதான் அப்பாவிடம் சொல்லவே அக்கா விட்டார். ஆவணியில் நான் பெங்களூர் பஸ் ஏறினேன்.

நாலு வருஷமாயிற்று. ராத்திரி கம்பெனி வண்டியில் ஏறியதும் அதன் நம்பரை இன்றும் அக்காவுக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு அனுப்புவதில்லை. அம்மா என்னை நம்பி உறங்கிவிடுவாள். அக்கா நம்புகிற ஆள் இல்லை, அதனால் முழித்திருப்பார். இறங்கியதும் வீட்டு வாசலைப் படமெடுத்து அனுப்புவேன். நேற்றும் அனுப்பினேன்.

"வாசல் தெரியுது. நீ எங்கட்டி?"

என் முகத்தையும் எடுத்து அனுப்பினேன். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி பதில் வந்தது.

"செரி மக்களே. இனி நான் உறங்கட்டு."