என் கையில் முளைத்த உன் காது

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் இடது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலுள்ள பகுதி தவிர. அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு? தொலைபேசியில் திட்டினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய் என்பதால் எழுத்தில் திட்டுகிறேன். ஒரு வரி விடாமல் படி.

உன் அண்ணி வளர்க்கும் நாய் என் இடது காதைக் கடித்துத் துப்பியதே போதும் என்று நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "அது சாப்பிடும்போது பக்கத்துல போய் ஏன் படுத்தீங்க?" என்று அவள் அந்த நாயைத்தான் மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தாள், அதையும் பொறுத்தேன். ஆனால் நான் வைத்திருப்பது கண்ணாடிக் கடை. ஒற்றைக் காதில் மூக்குக் கண்ணாடி நிற்குமா? ஒரு பக்கக் கம்பியை நூலால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றால், வருகிறவர்கள் "உங்க கண்ணாடியே இப்படித் தொங்குது, எங்களுக்கு என்னத்த மாட்டிவிடப் போறீங்க?" என்று எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வந்தாய். "அண்ணே, எங்க ஆய்வுக்கூடத்துல காது வளக்குறோம். நீங்கதான் முதல் ஆளு" என்றாய், ஏதோ தொட்டியில் கொத்தமல்லி வளர்ப்பது போல.

மாட்டின் குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள செல்களையெல்லாம் கழுவித் தள்ளிவிட்டு, மிஞ்சுகிற சல்லடை போன்ற பொருளைக் காது வடிவத்தில் வார்த்து, அதில் என் ஸ்டெம் செல்களை விதைப்பீர்கள் என்று விளக்கினாய். "கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரிதாண்ணே. செல்லுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு வளந்துடும், சாரம் தானாவே கரைஞ்சிடும்." கட்டியவன் வந்து பிரிக்காமல் தானாகவே கரைந்த சாரத்தை நீ எந்தத் தெருவில் பார்த்தாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தொப்பையைக் காட்டினேன். கொழுப்பில்தான் அந்தச் செல் இருக்கிறது என்று உறிஞ்சி எடுத்தீர்கள். அதையாவது தாராளமாக எடுத்தீர்களா? ஒரு கரண்டி! இத்தனை பெரிய தொப்பையை அப்படியே விட்டுவிட்டு!

கடிபட்ட இடத்தில் ரத்த ஓட்டம் போதாது, கொஞ்ச நாள் கையில் வளரட்டும் என்று முன்கைத் தோலுக்கடியில் அந்தக் காதைச் செருகித் தைத்து அனுப்பினீர்கள். அன்றோடு என் மானம் போயிற்று. பேருந்தில் கம்பியைப் பிடித்தால் சட்டைக்கை விலகி, பக்கத்தில் நிற்பவர் அலறுகிறார். அடுத்த கடைத் தையல்காரர் தினமும் வந்து என் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஹலோ, கேக்குதா?" என்கிறார். கேட்காதய்யா, அது வெறும் மடல் என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. உன் அண்ணி இப்போதெல்லாம் என் கையைப் பார்த்துத்தான் பேசுகிறாள். "அந்தக் காதுலதான் எதுவும் ஏறலை, இதுலயாவது ஏறுதான்னு பாக்குறேன்."

இத்தனையையும் உனக்காகச் சகித்தேன். இதுநாள் வரை வீங்கிக் கிடந்ததால் உருவம் சரியாகத் தெரியவில்லை. நேற்று வீக்கம் வடிந்ததும் பார்த்தேன், பற்றிக்கொண்டு வந்தது. என் காது சின்னது, தலையோடு ஒட்டியது. கையில் இருப்பதோ, பள்ளிக்கூடத்தில் உன்னை "முறம், முறம்" என்று எல்லோரும் கூப்பிட்டார்களே, அந்தக் காது! மருத்துவமனைக்கு ஓடினேன். உங்கள் பெரிய டாக்டரம்மா அசடு வழிந்தார். "உங்க வலது காதை வச்சுத்தான் அச்சு செஞ்சோம். ஆனா மிஷினைச் சோதிச்சுப் பாக்க உங்க தம்பி காதுலயும் ஒண்ணு எடுத்திருந்தோம். ரெண்டும் மாறிப்போச்சு." மாறிப்போவதற்கு அதென்ன செருப்பா? என் கொழுப்பு, என் தோல், என் ரத்தம். காது மட்டும் உன்னுடையது! சின்ன வயதில் என் சட்டையைப் போட்டுக் கிழித்தாய், என் சைக்கிளை ஓட்டி வளைத்தாய். மிச்சமிருந்தது இந்த உடம்பு ஒன்றுதான். அதிலும் குடியேறிவிட்டாய்.

கேட்டால், "விடுண்ணே, செல்லு நல்லாப் பிடிச்சிருக்கு, அதான முக்கியம்" என்கிறாய். யாருக்கு முக்கியம்? இந்தப் பக்கம் கிளிஞ்சல், அந்தப் பக்கம் முறம் என்று நான் கடையில் நின்றால், வருகிறவன் கண்ணாடியைப் பார்ப்பானா, என்னைப் பார்ப்பானா? திங்கட்கிழமை இதைத் தலைக்கு மாற்றப் போகிறார்களாம். நான் வரமாட்டேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போ. மூன்றாவதாக நீயே வைத்துக்கொள். அண்ணன் என்று சொல்லிக்கொண்டு இனி என் வாசற்படி மிதிக்காதே.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு; அவள் பாவம். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கடைசி முறையாக,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: இதை உன் அண்ணி சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, உன் வீட்டிலிருந்து அம்மா வந்து இறங்கினாள். "காட்டு" என்று சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, என் கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். மடலைச் சுற்றி விரலால் தடவினாள். பிறகு, "இது உன் தம்பி காது இல்லடா. உங்க அப்பா காது. அவனுக்குக் குடுத்தாரு, உனக்குக் குடுக்க மறந்துட்டுப் போயிட்டாரு" என்றாள். என்னிடம் அப்பாவின் ஜாடை ஒன்றுகூடக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிடு. திங்கட்கிழமை வருகிறேன், நீ பக்கத்தில் இருக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் இன்னொன்றும் சொல். "பெத்த பிள்ளை மாதிரி வளத்த தம்பிக்கு இப்படியா எழுதுவே?" என்று அம்மா அந்தக் காதையே பிடித்துத் திருகினாள். நன்றாக வலித்தது. உயிர் பிடித்துவிட்டது.