மேனேஜர் வீட்டு ஸ்பீக்கர்

வலது ஸ்பீக்கரிலிருந்து கருகல் வாசனை வந்ததும் குமாஸ்தா துள்ளி எழுந்தார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல.

"என்னங்க வாசனை? அடுப்புல ஒண்ணும் இல்லையே!" என்றாள் மனைவி.

"அடுப்பா? என் வேலையே எரியுதுடி!"

ஸ்பீக்கர் ஜோடி மேனேஜருடையது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பத்து நாள் உங்களிடம் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். நாளைக் காலை வந்துவிடுவார். குமாஸ்தாவின் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது.

மனுஷன் அதைத் தொட வேண்டாமென்றும் சொல்லவில்லை. "தாராளமா பாட்டுக் கேளுங்க. பெரிய ஆம்ப்ளிஃபயர்ல மட்டும் மாட்டிடாதீங்க, ஸ்பீக்கர் போயிடும்" என்றார். குமாஸ்தா பயந்த சுபாவம். கடையில் இருப்பதிலேயே சின்னதாக, இருபது வாட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தார். சத்தம் பத்தவில்லை. திருகினார். இன்னும் திருகினார். குமிழ் கடைசிக்குப் போய் நின்றபோதுதான் இந்த வாசனை.

ரேடியோ மெக்கானிக்குக்கு போன் போட்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் விவரம் சொன்னார்.

"ஃபுல்லா வெச்சீங்களா?"

"ஆமா... சின்னதுதானேன்னு..."

"அட போங்க சார், சின்னதுதான் ஆபத்து! நூறு வாட் ஸ்பீக்கருக்கு இருபது வாட்டா? ஃபுல்லா வெச்சா அது திணறும், சத்தம் கிழியும், மேல இருக்கிற குட்டி ஸ்பீக்கர் எரிஞ்சிடும். பெரிசுல மாட்டி அளவா வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

இடதாவது பிழைத்ததா? மாடி வீட்டு மேடைப் பாடகரிடம் இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி வந்து மாட்டினார் குமாஸ்தா.

"பாத்துங்க, மெதுவா!"

"எனக்குத் தெரியாதா?"

ஸ்விட்சைப் போட்டார். பாடகர் கடைசிக் கச்சேரியில் வைத்த இடத்திலேயே குமிழ் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை. 'டம்' என்று ஜன்னல் அதிர்ந்தது. இடது ஸ்பீக்கரின் கூம்பு குறுக்கே கிழிந்து தொங்கியது.

"இப்ப ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் சரியாயிடுச்சு" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

"நாளைக்கு மேனேஜர் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? வேலை போச்சு, எல்லாம் போச்சு!"

"ஐயோ, உக்காந்து புலம்பாதீங்க. அவர் வர்றதுக்குள்ள அச்சு அசலா இதே மாதிரி புதுசு வாங்கி வெச்சிடுங்க. மூச்சு விடாதீங்க."

இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கல்லாவுக்கு முன்னால் இறக்கி வைத்தார்.

"இதே மாதிரி... ஒரு ஜோடி..." என்றார்.

கடைக்காரர் பெட்டிகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க! இன்னிக்குள்ள நீங்க வருவீங்கன்னு உங்க மேனேஜர் காலையிலேயே போன் பண்ணிட்டார். இந்தத் தடவை கறுப்புல வேணுமாம்."