கிரேக்கக் காதலும் சங்கத்து மைக்கும்

காதலைச் சொல்லத் தெரியாதவர்கள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். புத்திசாலிகள். வீட்டில் பார்த்து வைக்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு மானம் மரியாதையோடு வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். சொல்லத் தெரியாது, ஆனாலும் சொல்லியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற சனமும் உண்டு. நான் அந்தச் சனம். நான் சொன்ன இடம் ஆக்லாந்து நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. சொன்ன தலைப்பு, ‘உழவர் பெருமை’.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வங்கி ஒன்றில் வேலை. நாள் முழுக்க போனில் வருகிறவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டும். பின்னேரங்களில் மனதுக்கு ஆறுதலாக ஏதாவது படிப்போம் என்று நகரத்தில் நடக்கிற மாலை வகுப்புகளைப் பார்த்தேன். ஆசைப்பட்டது மண்பானை செய்கிற வகுப்புக்கு. அது நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தவை வருமான வரியும், பழைய கிரேக்கர்களின் காதல் பாடல்களும். நான் காதலைத் தெரிந்தெடுத்தேன். (வரியைப் படிச்சிருந்தா இண்டைக்கு நாலு சனத்துக்கு முன்னால தலைநிமிர்ந்து நடந்திருப்பன்.)

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் முகம் இருந்தது. செந்தில். மதுரைக்காரர், துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆல்பனியில் வீடு, அங்கேயே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவரும் பானை வகுப்பில் இடம் கிடைக்காமல் வந்தவர்தான். “நமக்கு மண்ணு கிடைக்கலைங்க, பொண்ணுங்க பாடுன பாட்டுதான் கிடைச்சுது” என்று முதல் நாளே சொன்னார். நான் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மேலே கம்பளிச் சட்டை, கீழே ஜாண்டல்ஸ் என்கிற ரப்பர் செருப்பு. மாரி கோடை இரண்டுக்கும் அதே கோலம். அந்தப் பாடல்களை அவர் வாசிக்கத் தொடங்கினால் ஆளே மாறிவிடுவார். யாழ் மாதிரி ஒரு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு விருந்திலும் விழாவிலும் ஊருக்கு முன்னால் பாடிய பாட்டுகளாம். எங்கள் பழைய அகப்பாடல்களில் தலைவி பாவம், தோழியிடம் சொல்லி, தோழி தாயிடம் சொல்லி, விஷயம் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலம் வந்துவிடும். கிரேக்கத்துப் பெண்களுக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை. நேரே தெய்வத்தையே கூப்பிட்டு, எனக்கு இன்ன ஆள் வேண்டும், கெதியாக வந்து ஏற்பாடு செய் என்கிறார்கள். காதல் வந்தால் கைகால் கழன்றுவிடுகிறது, உடம்பு கொதிக்கிறது, நடுங்குகிறது. (எங்கட ஊரில அதுக்குப் பேர் டெங்கு.)

இதில் என்னைப் பிடித்தாட்டியது இன்னொரு சங்கதி. அந்தப் பாடல்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. இருக்கிறவையும் எழுதி வைத்த தாள்கள் கிழிந்தும் பூச்சி அரித்தும் குப்பை மேடுகளில் கிடந்து எடுக்கப்பட்டவை. அதனால் புத்தகத்தில் இரண்டு சொல் இருக்கும், பிறகு வெறும் இடம் இருக்கும். ஆசிரியை அந்த இடம் வந்ததும் நிறுத்திக் கண்ணை மூடுவார். வகுப்பே மூச்சு விடாது. “சொல்லாமல் விட்ட இடத்தில்தான் ஆசை குடியிருக்கிறது” என்பார். நான் செந்திலைப் பார்ப்பேன். செந்தில் மேசையைப் பார்ப்பார்.

வகுப்பு முடிந்ததும் செந்தில் என்னைக் காரில் ஏற்றி, பிளாக்ஹவுஸ் பே பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போவார். “என் வழிதாங்க” என்பார். அம்மா ஒருநாள் கேட்டா.

“ஆல்பனிக்குப் போற பெடியனுக்கு எங்கட வீடு என்னண்டு பிள்ளை வழியாகும்?”

“பாலத்தில டிராஃபிக்காம் அம்மா. சுத்திப் போறாராம்.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனா. நான் சொன்னதை நானே நம்பினேன் என்பதுதான் இதில் கேவலம்.

வகுப்புகள் முடிந்து கிறிஸ்மஸும் கழிந்த பிறகு, ஒரு நாள் கோப்பி குடிக்கப் போய்த் திரும்பி வரும்போது காரில் வைத்துச் சொன்னார். “மெல்பர்ன்ல ஒரு ஆஃபர் வந்திருக்குங்க. பொங்கல் கழிஞ்சு திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

போக வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் மட்டும், “ஓ, நல்லதுதானே” என்றது. (உந்த வாயை வைச்சு என்ன செய்யிறது, சொல்லுங்கோ.)

“ஆமா, நல்லதுதான்” என்றார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த மனிதர் விமானம் ஏற முன்னம் சொல்லியே தீருவேன். காரில் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தால் நாக்கு எழும்பாது. ஆனால் கையில் தாளும் முன்னால் மைக்கும் இருந்தால் யாரும் எதையும் வாசித்துவிடலாம்தானே? கிரேக்கர்களும் விழாவில் நின்றுதானே பாடினார்கள்? பொங்கல் விழாக் கவியரங்கத்தில் என் பெயரும் இருந்தது. செந்திலும் கட்டாயம் வருவார். ஐடி வேலை செய்கிறவருக்குச் சவுண்ட் சிஸ்டமும் தெரியும் என்பது எங்கள் சங்கத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

கவிதையைக் கிரேக்க முறைப்படி எழுதினேன். அதாவது முக்கியமான இடமெல்லாம் வெறுமை. புரிகிறவருக்குப் புரியும், மற்றவர்களுக்கு ஏதோ உயர்ந்த இலக்கியம் என்று தோன்றும். அம்மா சந்தேகப்படாமல் இருக்க, “உழவன் கையில் கலப்பை, உலகின் வாயில் களிப்பை” என்று ஒரு போலிக் கவிதையும் எழுதி வீட்டில் உரக்க வாசித்துப் பழகினேன். நாலு நாளில் அது அம்மாவுக்குப் பாடமாகிவிட்டது.

விழா நாள். இந்த நாட்டில் ஜனவரி என்றால் கொதிக்கிற கோடை, மண்டபத்தில் விசிறி இல்லை. தலைமை தில்லையம்பலம் மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே வந்து கவிஞரானவர். கவியரங்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் கவிஞர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். ஒரு தரம் வாசித்ததும் தலைவர் “ஆகா! மீண்டும்!” என்பார். வரி நல்லதோ கூடாதோ, அவர் சொல்லுவார்.

“சுகந்தி வருகிறாள், உழவைச் சொல்ல வருகிறாள், உழக்கிலே தமிழை அளந்து தருகிறாள்!” என்று மாஸ்டர் கூப்பிட்டார். முன்வரிசையில் அம்மா காஞ்சிபுரச் சேலையில். அவவுக்கு முன்னால் நிலத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள். பின்னால் மூலையில், வயர்களுக்கு நடுவில் செந்தில்.

தொடங்கினேன்.

“கார்க்கதவு திறந்த பின்னும் இறங்க மனமின்றி நான்…”

நிறுத்தினேன். ஆசிரியை மாதிரியே கண்ணை மூடினேன். மண்டபம் அமைதியானது. ஆகா, வேலை செய்கிறது!

“ஆகா! மீண்டும்!” என்றார் மாஸ்டர்.

திரும்ப வாசித்தேன். திரும்பக் கண்ணை மூடினேன். இந்த முறை, “பாவம், பிள்ளை பாடமாக்கேல்ல” என்று ஒரு அன்ரியின் குரல் கேட்டது. உடனே முன்வரிசையிலிருந்து அம்மா எனக்கு எடுத்துக்கொடுக்கத் தொடங்கினா. “உழவன் கையில்… எடி, உழவன் கையில்…”

விடுவேனா?

“பாலம் தாண்டிப் போகிறவரே, என்னுடைய…”

இடைவெளி. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ செய்து வளர்கிற குஞ்சுகள் அல்லவா? “மாம்பழம்!” என்று கத்தினார்கள். (தமிழ்ப் பள்ளிச் சோதினையில எந்த இடைவெளிக்கும் மாம்பழம் எண்டு எழுதினா ஒரு இடத்திலயாவது சரி வரும்.) பிள்ளைகள் தொடங்கியதைப் பெரியவர்கள் விடவில்லை. “என்னுடைய மோர்ட்கேஜ்!” என்றார் ஒருவர். “என்னுடைய விசா!” என்றார் இன்னொருவர். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, “மாடு எப்ப பிள்ளை வரும்?” என்று காதுக்குள் கேட்டார்.

எனக்கு வியர்த்து ஒழுகியது. கைகால் கழன்றது. கிரேக்கர்கள் சொன்னதில் பொய் இல்லை. இறங்கி ஓடியிருக்கலாம்; ஓடினால் அவர் மெல்பர்ன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிக்குப் போனேன்.

“உமக்குத் தெரியுமா, இந்த…”

நிறுத்தியதும் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. கண்ணைத் திறந்தால் செந்தில் ஒரு கையில் வயரும் மறு கையில் இன்னொரு மைக்குமாக மேடைக்கு ஓடி வருகிறார். என் இடைவெளி ஒவ்வொன்றிலும் மைக் செத்துவிட்டது என்று நினைத்து, அந்த மனிதர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். வயர் லூஸுன்னு நினைக்கிறேங்க. பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்.”

எனக்கு வந்த கோபம்! யாருக்காக இவ்வளவு பாடுபட்டேனோ அவருக்கே விளங்கவில்லை.

“மைக் சரியாத்தான் இருக்கு. நான்தான் நிப்பாட்டினனான்.”

“ஏங்க? மறந்துடுச்சா?”

“ஒண்டும் மறக்கேல்ல! நீங்க மெல்பர்னுக்குப் போகக்கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பாடு!”

சத்தம் முழுக்கக் கூட்டியிருந்தது அல்லவா? குசினியில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. வெளியில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம். பிள்ளைகள்கூட மாம்பழம் சொல்லவில்லை.

அந்த அமைதியில் மாஸ்டர், பழக்கதோஷம், என்ன ஏது என்று யோசிக்காமல் கையைத் தட்டினார். “ஆகா! மீண்டும்!”

அம்மா எழும்பி நின்றுவிட்டா. நான் அம்மாவைப் பார்த்தேன், செந்திலைப் பார்த்தேன். ஒரு தரம் போன மானம் இரண்டாம் தரம் எங்கே போகப் போகிறது?

“போகாதேங்கோ. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றேன். இடைவெளி இல்லாமல்.

செந்தில் தன் கையில் இருக்கும் மைக்கும் வேலை செய்கிறது என்பதை மறந்துபோனார்.

“இல்லீங்க… நான் வெள்ளிக்கிழமையே அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“அங்க போயிட்டா உங்கள யாருங்க வீட்ல இறக்கி விடறது?”

இந்த முறை மாஸ்டர் ஒருவர் மட்டும் இல்லை. மண்டபமே எழும்பி “மீண்டும்! மீண்டும்!” என்று கத்தியது. அவரும், பாவம், சபை மரியாதை தெரிந்தவர், அதே வசனத்தை அப்படியே இரண்டாம் தரமும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதாவது நான் இவ்வளவு பேருக்கு முன்னால் அவமானப்பட்டதற்கு ஒரு அவசியமும் இருந்திருக்கவில்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

அம்மா மேடைக்கு வந்து இரண்டு மைக்கையும் வாங்கி மாஸ்டரிடம் கொடுத்தா. “தம்பி, கீழ வாங்கோ. ரெண்டு பேரும் வாங்கோ. பொங்கல் ஆறுது” என்றா. படியில் இறங்கும்போது என் கையில் ஒரு கிள்ளு. “விசர்ப் பெட்டை. கலப்பை எண்டெல்லோ எனக்குச் சொன்னனி!”

அடுத்த வருஷமே கல்யாணம். ஆசிரியை புடவையும் ஜாண்டல்ஸுமாக வந்து மூன்று தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார். சங்கத்தில் அதற்குப் பிறகு கவிதைகளை முன்கூட்டியே மாஸ்டரிடம் காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. என்னை இன்றுவரைக்கும் கவியரங்கத்துக்குக் கூப்பிடவில்லை. தேங்காய் உடைக்க மட்டும் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில்தான் தப்ப முடியாது. நான் கோபத்தில் வாயை மூடிக்கொண்டால் செந்தில் கையில் அகப்பட்ட கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டித் தட்டுவார். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.” நானும் அன்றைக்கு மேடையில் மைக்கைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பதிலைத்தான் சொல்லுவேன். கோபம் அதோடு போய்விடும். அதுதான் எனக்கு எரிச்சல்.

போன மாதம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். பதினைந்து வயது. காரில் ஏறியதிலிருந்து ஒரு சொல் இல்லை. தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்கு எந்தப் பாஷையிலும் இல்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றதும் செந்தில் பின்னால் திரும்பித் தன் கண்ணாடிக் கூட்டை நீட்டித் தட்டினார்.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.”

விளக்கு பச்சையானது. பிறகு மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வராத தமிழில், “மைக் சரி அப்பா. நான்தான் நிப்பாட்டினேன்” என்றாள். சொன்னதோடு அழுகையும் வந்தது. சிநேகிதிகள் ஒதுக்கி வைத்தது, தனியே இருந்து சாப்பிட்டது என்று வீடு வரும் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் காரை வீட்டு வாசலில் நிறுத்தின பிறகும் நாங்கள் மூன்று பேரும் இறங்கவில்லை. அவள் சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் சீட் பெல்ட் போட்டிருந்தேன், வாய் மட்டும்தான் சும்மா இருந்தது.

“ஆகா! மீண்டும்!” என்றேன்.

“அம்மா!” என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.