பதினொன்றாம் நம்பர் கூண்டு

மதிப்பிற்குரிய மாரிச்செல்வம் அத்தானுக்கு,

தூத்துக்குடியிலிருந்து உங்கள் மச்சினன் லிங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் படுத்திருக்கிற மகள் சந்தனச்செல்விக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் காரில் வந்து அவளை எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இடம் மாறினால் சரியாகிவிடும்.

பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, அரைப்பரீட்சை முடிந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. எல்லாம் போனால் வந்த வினை என்று போனைப் பிடுங்கினேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "வச்சுக்கோங்கப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணேறாக இருக்கும் என்றாள் என் வீட்டுக்காரி பேச்சித்தாய். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்களே, ஒரு கை மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டேன், தெருவே இருமியது. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி வாளித் தண்ணியோடு ஓடிவந்து, "ஏலே, வீட்டக் கொளுத்துதியா, தெருவக் கொளுத்துதியா?" என்கிறார். ஆக, கண்ணேறும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்து ஜெர்லின் டீச்சர் சொல்லுதாங்க, "இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல அண்ணாச்சி. மனசுக்குச் சொகமில்ல. இந்த வயசுல நெறைய பிள்ளைகளுக்கு வருது. மனநல டாக்டரப் பாருங்க. வீட்டுல புத்தி சொல்லாம, எப்படி இருக்கன்னு மட்டும் கேளுங்க." என் பிள்ளைக்கென்ன பைத்தியமா என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. மகளிடம் எப்படி இருக்க என்று நான் எந்தக் காலத்தில் கேட்டேன்? வாய் வரவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த பாஷையில், "ஏளா, இன்னைக்கு ஒனக்கு எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்கு?" என்றேன். அதுதான், ஹார்பரில் புயலுக்கு ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு. ஒவ்வொரு நம்பருக்கும் அர்த்தம் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"பதினொண்ணு" என்றாள்.

ஐயோ அத்தான், பத்துக்கும் மேலே! இனி எங்களால் ஆகாது. நீங்கள்தான் கதி. அக்காவுக்கு எங்கள் அன்பு. செந்திலாண்டவன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
லிங்கராஜ்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. புயலுக்கு நம்பர் பத்து வரைதான். பதினொன்று புயல் அளவே இல்லை, வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோச்சு என்று அர்த்தம். தொடர்பு அறுந்துபோச்சு என்று சொன்ன பிள்ளையைத்தான் கார் வைத்து அனுப்பப் பார்த்தேன், பாவி.

போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். "ஏளா, பதினொண்ணுன்னா புயல் இல்லயே" என்றேன்.

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் போவோமா என்றதற்கு, "நீங்களும் உள்ள வருவீங்களாப்பா?" என்றாள். திங்கட்கிழமை போகிறோம். கார் வேண்டாம் அத்தான். சும்மா பார்க்க வாருங்கள்.

இப்போ எத்தனாம் நம்பர் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பத்து" என்றாள். பத்து என்றால் மகா அபாயம். எனக்கும் பேச்சித்தாய்க்கும் சந்தோஷம் தாங்கவில்லை.