சேர்மன் பாதியாக்கச் சொன்ன வரி

அக்காவின் அருமைப் புதல்வியும், ஆராய்ச்சிக் கடலில் மூக்குவரை மூழ்கியிருப்பவளுமான மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கு நலம், அங்கும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். இனி சொல்லப்போவதை நீ மட்டுமல்ல, எழுதும் இந்தப் பேனாவே நம்பாது என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

எப்படிப்பட்ட கம்பெனி வரியைத் தவிர்க்கிறது, பெரியதா சிறியதா, கடன் மிகுந்ததா, இயக்குநர் மிகுந்ததா என்று கேட்டிருந்தாய். எங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் ஏறியது, கடன் கழுத்துவரை, இயக்குநர்களோ, கூட்டம் நடந்தால் இருவர் ஜன்னலில்தான் உட்கார வேண்டும், அத்தனை பேர். அதன் வரிப்பிரிவைக் கட்டிக் காப்பவன் உன் மாமன். போன மாதம் ஆண்டறிக்கையின் நகலைச் சேர்மனுக்கு அனுப்பினேன். மேலட்டையில் சிவப்பு மையில் "வரி ஜாஸ்தி, பாதியாக்கு" என்று எழுதித் திருப்பிவிட்டார். பாதியாக்கினால் கையெழுத்து என்னுடையது, மாட்டினால் கம்பி எண்ணுவதும் நானே. மறுத்தாலோ, ஓய்வுபெற ஏழே வாரம் இருக்கையில் வேலை போய்விடும். ஆகவே நடுக்கடலில், பெரிய அலை அடித்தால் காணாமல்போகும் தீவொன்றை வாங்கி, அங்கே துணைக்கம்பெனி திறந்து, ஒரு கிளியை நிர்வாக இயக்குநராக்கி, எங்கள் கம்பெனியின் பெயரை நாங்களே பயன்படுத்த அந்தக் கிளிக்கு வாடகை கட்டுவதாகத் தாள் தயாரித்தேன். லாபமெல்லாம் கிளிக்குப் போனது. கிளியோ, சம்பளம் போதவில்லை என்று கடிதம் போட்டது. பதினோரு நாள் எனக்குத் தூக்கமில்லை.

இயக்குநர் கூட்டத்தில் கோப்பை நீட்டினேன். சேர்மன் புரட்டிப் பார்த்து, "என்னய்யா இது, பக்கத்துக்குப் பக்கம் கிளி?" என்றார்.

"நீங்கதானே சார் வரியைப் பாதியாக்கச் சொன்னீங்க?"

"யோவ், அறிக்கைக்கு முன்னாடி என்னோட உரை இருக்குல்ல, அதுல வரி ஜாஸ்தின்னேன். நூத்தி நாப்பது வரியை எவன்யா படிப்பான்?"

மருமகளே, நான் விட்ட பெருமூச்சில் ஜன்னலோர இயக்குநர்கள் இருவரும் வெளியே போய் விழுந்தார்கள் (நல்லவேளை, தரைத்தளம்). கிளியை அங்கேயே கிழித்தேன், அதாவது அதன் தாளை. உரையை எழுபது வரியாக வெட்டினேன், வரியை முழுசாகக் கட்டினேன், வீட்டுக்கு வந்து பதினாறு மணிநேரம் குறட்டை விட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. முனைவர் பட்டம் உன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரட்டும்.

கைவிலங்குக்கு அகப்படாத,
உன் மாமன்

பி.கு.: இதை ஆய்வில் சேர்த்துத் தொலைக்காதே. தீவும் கிளியும் புளுகு. சேர்மன் உரையைச் சொன்னார் என்பதும் புளுகு; அவர் பாதியாக்கச் சொன்னது வரிப்பணத்தையேதான். புரியாதவன்போல் உரையை வெட்டிக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வைத்தவன் நான். பக்கத்தில் ஆடிட்டர் உட்கார்ந்திருக்க, "நான் சொன்னது இந்த வரி இல்லய்யா" என்று அவரால் வாய்திறக்க முடியவில்லை. வரியை முழுசாகக் கட்டினோம் என்றேனே, அது மட்டும் நிஜம்.