மாடில்டா ஆண்ட்டியை விடுவித்த மிளகாய்

கோலா சிலாங்கூர்,
சனிக்கிழமை இரவு.

மரியாதைக்குரிய விமலா அண்ணிக்கு,

இந்த நேரத்தில் இவ்வளவு நீளமாக மின்னஞ்சல் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போன் பண்ணலாம் என்றால் வாயைத் திறந்தாலே இருமல் வருகிறது. தவிர, பக்கத்து அறையில் உங்கள் அம்மா விழித்துக்கொண்டிருக்கிறார். அங்கே ராசாவில் நீங்களும் அண்ணனும் குட்டி கெய்ட்லினும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. கண் எரிச்சலில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

எல்லாம் என் மிளகாய்ச் செடியால் வந்தது. குகன் பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு எடுத்தேன் அல்லவா, சும்மா இருக்க முடியாமல் உலகத்திலேயே காரமான மிளகாய்களில் ஒன்று என்று இணையத்தில் விதை வாங்கி, ஈர டிஷ்யூவில் முளைக்க வைத்து, பெயிண்ட் வாளியில் கருக்கிய உமியும் மண்ணும் கலந்து நட்டு, பூ பிஞ்சாகாமல் உதிர்கிறதே என்று பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொடுத்தேன். "டிகிரி முடிச்சவ பூவுக்குப் பல்லு விளக்கிவிடுறா லா" என்று உங்கள் தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். காய்த்தது. பழுத்தது. மலைப் பக்கத்துக் குரங்கு ஒன்று வந்து ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, நாக்கை வெளியே தொங்கப் போட்டபடி எங்கள் கார் மேல் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அதோடு எங்கள் லோரோங் சந்துக்குள் குரங்கே வருவதில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ மீதியைப் பறித்துக் காயவைத்து, போத்தலில் போட்டு, அடுப்படி அலமாரியில் வைத்தேன். பேர் எழுதி ஒட்டவில்லை.

உங்கள் அம்மா சுத்திப் போடுவது உங்களுக்கே தெரியும். உப்பும் கடுகும் காய்ந்த மிளகாயும் கையில் மூடி, பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவார். நெடி ஏறினால் யார் கண்ணும் படவில்லை. ஏறாவிட்டால் யாரோ கண் வைத்துவிட்டார்கள். அவர் வைத்திருந்தது எந்தக் காலத்து மிளகாயோ, நமுத்துப்போய்க் கிடக்கும், ஒருநாளும் நெடி ஏறாது. ஆகவே ஒருநாளும் யாரும் தப்பியதில்லை. கெய்ட்லின் பிறந்தபோது உங்கள் மாமியாரே மாட்டினார், நினைவிருக்கிறதா? இப்போது பக்கத்து வீட்டு மாடில்டா ஆண்ட்டி. பாவம், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னமா கொழுகொழுன்னு இருக்கான்!" என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து தினமும் குற்றவாளி.

இன்று சாயங்காலம் பழைய மிளகாய் தீர்ந்துபோயிருக்கிறது. அம்மா என் போத்தலைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளியிருக்கிறார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு தும்மல் கேட்டது. அடுத்து அம்மாவின் குரல், "ஐயோ முருகா!" அதற்குப் பிறகு குரலே இல்லை! எனக்கு உயிரே போய்விட்டது அண்ணி. குகனை ஈரத் துண்டில் பொத்தித் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சமையலறைப் புகை நேராக ஆண்ட்டி வீட்டுக்குள் போகும்படி யார் வீடு கட்டினார்களோ! அங்கே ஜெபக்கூட்டம். உள்ளே எல்லோரும் அழுகிற சத்தம் கேட்டு, உருக்கமாக ஜெபிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநிமிடம் ஒருவர் விடாமல் ரோட்டில் நிற்கிறார்கள். அவர்களில் பெர்னாட் அங்கிள் தீயணைப்புக்குப் போன் அடிக்கக் கைப்பேசியை எடுத்தபடியே கேட்டார்.

"என்ன லா எரிக்கிறீங்க, டயரா?"

"பிள்ளைக்குச் சுத்திப் போட்டேன்" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

ஆண்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் எதிரே வந்து நின்றார். "நவமணி, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா நெடி வந்தா கண்ணு இல்லன்னு நீதானே சொல்லுவே? இப்ப வந்துச்சா, வரலையா? இவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லு!"

அம்மா நேராக உள்ளே போய்ப் பையை எடுத்தார். "காலைல மொத பஸ்ஸுல ராசாவுக்குப் போறேன், என் மக வீட்டுக்கு" என்பதோடு சரி. சாப்பிடவும் இல்லை. குகன் நன்றாக இருக்கிறான், கிளினிக்கில் காட்டிவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மா போய்விட்டால் பிள்ளையை யாரிடம் விடுவேன்? நீங்கள் சொன்னால் கேட்பார். நான் செடியையே பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள், நாளைக்குக் கட்டாயம் பிடுங்கிவிடுகிறேன். எப்படியாவது அவரை இங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். கெய்ட்லினுக்கு ஆயிரம் முத்தம். கடவுள் உங்கள் வீட்டை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
நித்தியா

பி.கு.: சமாதானம் பேசலாம் என்று அம்மாவின் அறைக்குப் போனேன். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பையில் ஒரே ஒரு புடவை. அதற்குள் சுற்றி என் போத்தல்! "இத்தனை வருசமா கெட்ட மிளகாய வெச்சுத் தப்புத் தப்பா சொல்லிட்டேன் லா. சம்பந்தியம்மாவ மொதல்ல பாத்துட்டு நாளைக்கே திரும்பிடுவேன்" என்கிறார். உங்கள் வீட்டு அடுப்பில், உங்கள் மாமியாரை எதிரில் உட்கார வைத்துத்தான் கெய்ட்லினுக்குச் சுத்திப் போடுவாராம். "நான் வர்றதுக்குள்ள செடிக்குத் தண்ணி ஊத்திடு" என்று எனக்கு உத்தரவு வேறு. அண்ணி, உங்கள் சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா? தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.