பொறாமையண்ணை நடத்திய பட்டமளிப்பு விழா

லண்டனில் பொறாமைப்படத் தெரியாத தமிழர் எவரும் இல்லை. ஆனால் அதை உரியவர் வீட்டுக்கே போய், முறையாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். எண்பதுகளில் அவர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை. சொந்தப் பெயர் அவருடைய கடவுச்சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பொறாமையண்ணை. நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவோம். "ஓம்" என்று திரும்பிப் பார்ப்பார்.

ஒருவர் புதுக் கார் வாங்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நல்ல கார்தான், ஆனால் பெற்றோல் குடிக்கும் என்பார்கள். பொறாமையண்ணை காரை ஒருமுறை சுற்றி வருவார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, "எனக்கு இந்தக் கிழமை முழுக்க நித்திரை வராது" என்பார். கார்க்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். தவணை கட்டி முடித்துவிட்டது போல மலர்ந்திருக்கும்.

ஒருவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். பார்க்கப் போன பொறாமையண்ணை தனி அறையையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கண்டு, தமக்கு இப்படி ஒரு கல் வரவில்லையே என்று வருந்திவிட்டு வந்தார். ஒரு செத்த வீட்டில், சவப்பெட்டி வண்டிக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு சனம் வராது" என்று பெருமூச்சு விட்டார். இறந்தவரின் மகன் அதை ஓர் இரங்கல் உரையாகவே எடுத்துக்கொண்டார். புது வீடு குடிபுகுந்தால் பால் காய்ச்சுவார்கள், அடுத்ததாகப் பொறாமையண்ணைக்கு டெலிபோன் அடிப்பார்கள் என்ற நிலை வந்தது.

நாங்களும் வீடு வாங்கினோம். அவரும் வந்தார். வடை சாப்பிட்டார். கம்பளத்தைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், பின்தோட்டத்தைப் பார்த்தார். "நல்ல வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த மாதம் திரைச்சீலை மாற்றினோம். "நல்ல சீலை." கசெட்டும் இசைத்தட்டும் வானொலியும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய பெட்டி ஒன்று வாங்கினோம். "நல்ல ரேடியோ." எதிர்வீட்டுக்காரரின் புல்வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து மட்டும் அந்த மனிதர் இரண்டு முறை பொறாமைப்பட்டிருந்தார். துருப்பிடித்த இயந்திரம். நான் அந்தக் காலத்தில் விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை செய்துகொண்டு, ஒரு சிறு தமிழ்ப் பத்திரிகைக்கும் எழுதி வந்தேன். உணர்ச்சிவசப்படாமல் பார்ப்பது என் தொழில். ஆனாலும் அந்த எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டும் சனிக்கிழமைகளில் நான் ஜன்னலை மூடிவிடுவேன்.

"அந்த மனுசனுக்கு எங்களில மட்டும் ஏன் பொறாமை வருதில்லை?" என்று மனைவி கேட்டாள். "எங்களிட்ட அப்பிடி என்ன இல்லை?" அவள் கேட்டது பெரிய கேள்வி. நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து அந்தப் படம் வந்தது.

பொறாமையண்ணையின் தமையன் டொரோண்டோவில் இருந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். நீல அங்கி, தலையில் சதுரத் தொப்பி, தொப்பியில் குஞ்சம், கையில் சுருட்டிய தாள், பக்கத்தில் பூச்செண்டோடு தாயும் தகப்பனும். பொறாமையண்ணை அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோ முழுவதும் சுற்றினார். தொப்பி போட்ட பிள்ளையின் படம் முன்னறைச் சுவரில் தொங்குவதுதான் எங்கள் சனத்துக்கு வீடு கட்டி முடிந்ததற்கு அடையாளம். அதற்குப் பல்கலைக்கழகம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கனடாக்காரர் சில வருடம் முந்திவிட்டார்கள்.

"அதே படிப்புத்தான். எங்கட பிள்ளையளும் அதைத்தான் படிக்குதுகள்" என்றார். "அங்க தொப்பி குடுக்கிறான். இஞ்ச என்ன குடுக்கிறான்?"

அவர் கேட்டது நியாயம். இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஏ லெவலில் கடைசிப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவார்கள். ஓகஸ்டில் முடிவு வரும். மை படிந்த அந்தச் சட்டையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்த வருடம் ஏ லெவல் எழுதியவர்களுக்குப் பட்டமளிப்பு விழா எடுப்பது என்று பொறாமையண்ணை தீர்மானித்தார். பள்ளியின் தலைவர் ஒரு டொக்டர். விழாவுக்கு அவர் எதிரியல்ல. ஆனால் செப்டம்பரில், முடிவு வந்த பிறகு, பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மட்டும் வைப்போம் என்றார். அவருடைய மகன் மருத்துவம் படிக்கப் போவது கருவிலேயே தெரிந்திருந்தது.

பொறாமையண்ணை எழுந்து நின்றார். "ரிசல்ட் வந்தாப் பிறகு எல்லாரும் பொறாமைப்படுவினம், டொக்டர். அதில என்ன இருக்கு? வரமுதல் படவேணும்."

அந்த வாதம் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. ஆனால் செப்டம்பரில் மண்டபம் கிடைக்காது, ஜூலையில்தான் கிடைக்கும் என்று தெரியவந்ததும் அவர் பக்கம் வென்றது.

எங்கள் மகள் யாழினியும் அந்த வருடம்தான் எழுதியிருந்தாள். மாதிரிப் பரீட்சைகளில் அவள் எடுத்த புள்ளிகளை நாங்கள் உறவினருக்குச் சொல்லவில்லை. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. செப்டம்பரில் விழா என்றால் அவள் மேடையில் இருக்கமாட்டாள் என்பது எனக்கும் மனைவிக்கும் தெரியும். யாழினிக்கும் தெரியும்.

விழாத் திட்டம் முழுவதும் பொறாமையண்ணையுடையது. அவர் மனைவி பூமணியக்கா வீட்டிலிருந்தே ஒரு தையல் நிறுவனத்துக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பவர். சவுத்தால் கடைகளில் பாவாடைக்கு உட்புறம் வைத்துத் தைக்கும் கறுப்புத் துணி வாங்கி வந்து எல்லாருக்கும் அங்கி தைத்தார். குஞ்சத்துக்கு நடன வகுப்பு ஆசிரியையிடம் போய், பரதநாட்டியப் பிள்ளைகள் பின்னலில் கட்டும் குஞ்சங்களை இரவல் வாங்கினார்கள். தொப்பிக்கு மட்டை, வேலைத்தலத்தில் எறியும் சாப்பாட்டுப் பெட்டிகள். ஒத்திகையில் ஒரு தாய், தம்முடைய சுத்த சைவ மகனின் தொப்பிக்குள் கோழி என்று அச்சடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பொறாமையண்ணை அன்றிரவே எல்லாத் தொப்பியையும் பிரித்து, சைவக் குடும்பங்களுக்குச் சைவப் பெட்டியில் செய்துகொடுத்தார்.

ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வரவேண்டும். பொறாமையண்ணை தொப்பியைத் தலையில் வைத்து, அந்தப் பிள்ளையில் தமக்கு என்ன பொறாமை என்று ஒலிவாங்கியில் சொல்வார். அதுதான் பட்டம்.

தாய்மார் கலங்கிப் போனார்கள். வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வேறு. இது பிள்ளை, அதுவும் முடிவு வராத பிள்ளை. பொறாமையண்ணைக்கும் பூமணியக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை என்பதையும் சிலர் மெதுவாக எடுத்துச் சொன்னார்கள். கண்ணூறும் நாவூறும் படும் என்றார்கள். அவரைத் தடுத்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. பொறாமையண்ணை பொறாமைப்படாத பிள்ளையை நாளைக்கு யார் மதிப்பார்கள்?

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். அவர் முன்னால் பொறாமைப்படட்டும், நாங்கள் பின்னாலேயே கழித்துவிடுவோம். மேடைக்குப் பின்னால் மண்டபத்துச் சமையலறை. மேடையை விட்டு இறங்கும் பிள்ளையை நேரே அங்கே கூட்டிப்போய், செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றிச் சட்டியில் போடுவது. நெடி அடித்தால் நாவூறு இல்லை. அடிக்காவிட்டால் பட்டுவிட்டது.

"நாங்களும் மிளகாய் கொண்டுபோவமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"முதல் அவர் பொறாமைப்படட்டும்" என்றாள்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். டொக்டர் பேசினார். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கினார். ஹவுன்ஸ்லோவில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்.

பிறகு பொறாமையண்ணை வந்தார். டொக்டரின் மகனுக்குத் தொப்பி வைத்து, "நீ கணக்குச் செய்யேக்க விசிலடிப்பாய். நான் கணக்குச் செய்யேக்க அழுதனான்" என்றார். சபை கைதட்டியது. ஒரு பெண்ணின் கையெழுத்து, ஒரு பையனின் பல்வரிசை, தகப்பனோடு சண்டை பிடித்துவிட்டு மறுநாளே கதைக்கும் இன்னொருவனின் குணம். எல்லாவற்றிலும் அவருக்கு உண்மையாகவே பொறாமை. இதற்காக அவர் எத்தனை சனிக்கிழமை அந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாரோ.

ஆங்கில அகர வரிசைப்படி கூப்பிட்டார்கள். யாழினி கடைசி. பெயர் வைக்கும்போது இதை நாங்கள் யோசிக்கவில்லை. வரிசை குறையக் குறைய மனைவியின் கை என் கோட்டுக் கையை இறுக்கிக்கொண்டே வந்தது. எனக்குக் காதில் ஒரே சொல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை. அவர் அதைச் சொல்லிவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

இதற்கிடையில் சமையலறையில் ஒரு விபரீதம். அடுப்புக்கு மேலே புகையிழுக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அப்படி ஒன்று இல்லை. மிளகாய் போடப் போட அது எல்லா நெடியையும் உறிஞ்சி வெளியே அனுப்பியது. தாய்மார் மணந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. எங்கள் சமூகத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய நாவூறு யாருக்கும் பட்டதில்லை என்று முடிவு செய்து, பை பையாகக் கொட்டினார்கள். அப்போதுதான் யாரோ ஒருவர், இந்தச் சத்தத்தில் மேடையில் கதைப்பது கேட்கவில்லை என்று சொல்லி விசிறியை நிறுத்தினார்.

"யாழினி" என்று கூப்பிட்டார்கள். அவள் படியேறினாள். பொறாமையண்ணை தொப்பியை எடுத்தார். புகை எச்சரிக்கை மணி அலறியது.

மண்டபம் முழுவதும் இருமியபடி கார் பார்க்குக்கு ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போன வீரர்கள் போன வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு டொக்டர் அது மதச் சடங்கு என்றார், பிறகு ஒருவகை வைத்தியம் என்றார். சனம் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கியது. இனிப் போதும், சாப்பாடு ஆறுகிறது, விழாவை முடித்துக்கொள்வோம் என்று டொக்டர் அறிவித்தார்.

பொறாமையண்ணையின் கையில் தொப்பி இன்னும் இருந்தது.

"ஒரு பிள்ளை மிச்சம் இருக்கு" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கறுப்பு அங்கியோடு, வெறுந்தலையோடு யாழினி நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததிலிருந்து சிரிக்கிறாள். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தீயணைப்பு வீரர் தும்மும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குனிந்து சிரிக்கிறாள். நான் அவளை அப்படிப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

பொறாமையண்ணை அவள் முன்னால் போய் நின்றார். ஒலிவாங்கி இல்லை. ஒரு விமானம் போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம். நீ சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்றார். "எனக்கு ஒருநாளும் இப்பிடிச் சிரிக்க வந்ததில்லை, பிள்ளை. தாங்கேலாமல் இருக்கு."

தொப்பியை அவள் தலையில் வைத்தார். தீயணைப்பு வீரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

என் மனைவி திடுக்கிட்டு என் கையை உதறினாள். "பொறாமைப்பட்டுட்டார். இஞ்சாருங்கோ, ஆரிட்டயாவது ஒரு மிளகாய் இருக்கோ பாருங்கோ" என்றாள். ஆள் ஆளாகக் கேட்டுப் பார்த்தேன். அன்று அந்தக் கார் பார்க்கில் ஒரு செத்தல் மிளகாய் மிச்சமில்லை.

ஓகஸ்டில் முடிவு வந்தது. நாங்கள் எதிர்பார்த்த முடிவுதான், பல்கலைக்கழகம் இல்லை. யாழினி ஒரு விமான நிறுவனத்தில், பயணப்பெட்டி நிறுக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டி எடை கூடிவிட்டது என்றால் கத்தும் பயணிகளைச் சிரித்தே சமாளிப்பவள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

அன்று கார் பார்க்கில் எடுத்த படம் எங்கள் முன்னறைச் சுவரில் ஏறியது. தொப்பியும் குஞ்சமுமாக யாழினி, பின்னால் சிவப்புத் தீயணைப்பு வண்டி, ஓரத்தில் அவளையே பார்த்துக்கொண்டு பொறாமையண்ணை. ஒரு பிரதியை அவர் டொரோண்டோவுக்கு அனுப்பினார். வண்டி எதற்கு என்று தமையன் கேட்டாராம். இங்கே பட்டமளிப்பு என்றால் அரசாங்கம் அனுப்பும் என்று இவர் எழுதிவிட்டார். "அண்ணைக்குச் சரியான பொறாமை" என்று எங்களிடம் வந்து சொன்னபோது, அவர் முகத்தில் அந்தக் கார்க்காரரின் மலர்ச்சியைக் கண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். படத்துக்கு நேரெதிர் நாற்காலிதான் அவருக்கு. தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். "பார்த்தது காணும், வாங்கோ" என்று பூமணியக்கா எழுப்பிக்கொண்டு போவார். வாசலில் நின்று எங்கள் இருவரையும் ஒருமுறை பார்ப்பார். இன்றைக்கும் நித்திரை வராது என்பார். மனைவி கதவைச் சாத்திவிட்டு, ஏதோ சம்பள உயர்வு கிடைத்தது போல உள்ளே வருவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர்கள் தமையனிடம், டொரோண்டோவுக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை எறிந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். சுவரைப் பார்க்கிறார்கள். "நல்ல படம்" என்கிறார்கள்.